சுவருக்குள் ஒரு பவளக் கடல்: வீட்டில் பெரிய கடல்நீர்த் தொட்டி அமைக்க முழுமையான வழிகாட்டி

வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்ட ஒரு கண்ணாடியும், அதற்குள் நீரோட்டத்தில் அசையும் மென்பவளங்களும், வயரோ குழாயோ இரைச்சலோ இல்லாத சுத்தமும் வேண்டும் என்பதற்காகவே பலரும் தொட்டியைச் சுவருக்குள் பதிக்க விரும்புகிறார்கள். அந்த அழகின் முழுப் பொறுப்பும் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையின் மேல்தான் விழுகிறது. பின்னறையில் ஒருவர் நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு வேலை செய்ய வசதி இருந்தால் தொட்டி பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். வசதி இல்லையென்றால் சில மாதங்களிலேயே பராமரிப்பு தள்ளிப்போகத் தொடங்கும், பவளங்கள் அதை உடனே காட்டிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் மீன்களைவிடச் சுவர், தரை, குழாய், மின்சாரம் ஆகியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியையும், சென்னை போன்ற கடலோர நகரத்து வீட்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் அனுமதிக்கும் உயிர்கள் எவை

செலவு செய்யத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது கட்டாயம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பாறை கட்டும் வன்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளங்கள், நெருப்புப் பவளம், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களையும் சட்டத்திற்குள் கொண்டுவந்து, உயிருள்ளவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கியது. வெளிநாட்டுக் காணொளிகளில் கிளை கிளையாக நிற்கும் வன்பவளத் தொட்டிகளைப் பார்த்து, அதையே இங்கே அமைத்துவிடலாம் என்று கிளம்புவது ஆபத்தானது.

நான் பரிந்துரைப்பது மென்பவளத் தொட்டி. காளான் பவளம், சிறு பூக்கள் போல் கொத்தாக வளரும் ஜோவாந்திட், தோல் பவளம், விரிந்து சுருங்கும் ஜீனியா ஆகியவற்றைக் கொண்டே ஆறடிக் கண்ணாடியை நிறைத்துவிடலாம். இவை வன்பவளங்களைவிட வெப்பநிலை மாற்றத்தையும் சத்து ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பதால் நம் ஊர்ச் சூழலுக்கும் பொருத்தமானவை. எதை வாங்கினாலும் ரசீதும் எங்கிருந்து வந்தது என்ற விவரமும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

உயிர்ப்பாறை என்ற பெயரில் விற்கப்படும் பவளக் கற்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புத் தேவைக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தக் கடலிலிருந்து ஒரு கல்கூட நம் தொட்டிக்கு வரக்கூடாது.

எடையும் தரையும்

சொன்ன அளவுள்ள தொட்டி ஏறத்தாழ 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் இருக்கும். அதன் கொள்ளளவு 810 லிட்டர், கடல்நீராகக் கணக்கிட்டால் சுமார் 830 கிலோ. 15 மி.மீ. கண்ணாடியில் தொட்டி மட்டும் 165 கிலோவுக்குக் குறையாது. பாறை, மணல், இரும்பு ஸ்டாண்டு, வடிகட்டும் கருவிகளை வைக்கக் கீழே இருக்கும் சம்ப் தொட்டி, அதன் நீர் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 1,400 கிலோவை நெருங்கும். இவ்வளவும் 1.35 சதுர மீட்டர் இடத்தில் நிற்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ. குடியிருப்பு அறைகளின் தளத்தை வடிவமைக்கும்போது இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மட்டுமே.

இதைப் படித்து மாடியில் வைக்கவே முடியாது என்று நினைக்க வேண்டாம். பீமின் மேலோ, பீமுக்குக் குறுக்காகச் சுவரை ஒட்டியோ வைக்கும்போது தளம் தாங்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதைக் கட்டட வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரே. மேஸ்திரியின் அனுபவ வாக்கு இந்த இடத்தில் போதாது. தரைத்தளமாக இருந்தாலும், டைல்ஸுக்கு அடியில் நிரப்பிய மண் சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் ஸ்டாண்டு நிற்கும் பகுதியில் மட்டும் டைல்ஸைப் பெயர்த்துக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போட்டுவிடுவது நல்லது.

சுவரைத் திறப்பது

கான்கிரீட் தூண்களால் ஆன வீட்டில் அறைகளுக்கு இடையிலான நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் சுமை தாங்குவதில்லை. அதைத் திறப்பது எளிது. பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவரே மேல்தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். எந்தச் சுவராக இருந்தாலும் திறப்புக்கு மேலே லிண்டல் போட்டு, அதன் இரு முனைகளும் சுவரில் குறைந்தது 15 செ.மீ. உட்காரும்படி செய்த பிறகே கீழே உள்ள செங்கல்லை எடுக்க வேண்டும். சுமை தாங்கும் சுவரானால் முட்டுக் கொடுக்காமல் கைவைக்கவே கூடாது.

தொட்டியைச் சுவரின் மேல் உட்கார வைக்கக் கூடாது. அது பின்னறையில் தன் ஸ்டாண்டின் மேல் தனியாக நிற்க வேண்டும், அதன் முன் கண்ணாடி மட்டும் திறப்புக்கு நேராக வந்து நிற்க வேண்டும். கட்டடம் சிறிது அசைந்தாலும், சுவர் ஈரத்தில் ஊறிச் சுருங்கினாலும் அந்த விசை கண்ணாடியைத் தொடாதபடி சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி விட்டு, மென்மையான ஃபோம் பட்டையால் அடைத்துவிடலாம். திறப்பின் அளவைக் கண்ணாடியைவிடச் சற்றுச் சிறியதாக வைத்தால் மேலே நீர்மட்டமும், கீழே மணலின் வெட்டுமுகமும், ஓரங்களில் சிலிகான் கோடும் சட்டத்துக்குப் பின்னால் மறையும். உட்கார்ந்து பார்க்கும் அறையென்றால் திறப்பின் கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருப்பது சரியாக இருக்கும். சட்டத்தைத் திருகாணி கழற்றி எடுக்கும்படி செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி ஓரத்தில் உப்புப் படியும்போது அந்த வசதியின் அருமை தெரியும்.

பின்னறை

தொட்டிக்குப் பின்னால் குறைந்தது மூன்றடி நடைவெளியும், தொட்டியின் மேல் விளிம்புக்கும் விளக்குக் கம்பிக்கும் மேலே இரண்டடியும் தேவை. தரையைக் குளியலறை போலவே கருதி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, வாட்டம் கொடுத்து, தரை வடிகால் வைத்து, சுவரில் ஆறடி உயரம் வரை டைல்ஸ் ஒட்ட வேண்டும். இதை அலங்காரச் செலவாக நினைக்க வேண்டாம். சிந்தும் ஒவ்வொரு துளிக் கடல்நீரிலும் குளோரைடு இருக்கிறது. அது பூச்சு வழியாக உள்ளே இறங்கிக் கான்கிரீட்டில் உள்ள கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கடலோர வீடுகளில் சன்ஷேடு பெயர்ந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீராவி வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். வரவேற்பறைப் பக்கம் ஈரம் வராமலிருக்கக் கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை வேண்டும். ஒரு தண்ணீர்க் குழாய், கழுவுவதற்கு ஆழமான ஒரு சிங்க், 200 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் டிரம் இரண்டு வைக்க இடம் ஆகியவற்றையும் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஸ்டாண்டும் கண்ணாடியும்

ஸ்டாண்டுக்கு இரும்புச் சதுரக் குழாயைப் பற்றவைத்து, எபாக்சி பெயின்ட் இரண்டு கோட்டு அடித்து, மேலே 18 மி.மீ. மரைன் ப்ளைவுட் போடுவது வழக்கம். ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் சரிபார்த்த பிறகே தொட்டி ஏற வேண்டும். முன்பக்கத்துக்கு இரும்புச்சத்து குறைந்த தெளிவுக் கண்ணாடியும், மற்றப் பக்கங்களுக்குச் சாதாரண ஃப்ளோட் கண்ணாடியும் போதும். 60 செ.மீ. உயரத்துக்கு 15 மி.மீ. கனமும், மேலே சுற்றுப் பட்டையும் இருந்தால் கண்ணாடி வளைவதைப் பற்றிக் கவலை இருக்காது. டஃபன் செய்த (சூடேற்றி உறுதிப்படுத்திய) கண்ணாடியில் துளையிட முடியாது, அது நொறுங்கிவிடும். ஆகவே ஓவர்ஃப்ளோவுக்கான (நீர் வழிந்து இறங்குவதற்கான) துளைகள் எங்கே, எத்தனை, எந்த அளவு என்பதைக் கண்ணாடி வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானை மட்டுமே பயன்படுத்தச் சொல்லி, ஒட்டிய பிறகு குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு, சுவருக்குள் ஏற்றுவதற்கு முன்பே திறந்த வெளியில் நிரப்பி மூன்று நாட்கள் கசிவு பாருங்கள். ஏற்றிய பிறகு கண்டுபிடிக்கும் கசிவுக்குச் சுவரையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கும்.

நீர் சுற்றும் பாதை

மேலே தொட்டியின் நீர்ப்பரப்பு ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் வழிந்து, குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கி, அங்கே சல்லடைப் பையையும், காற்றுக் குமிழிகளால் கழிவைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் கடந்து, ரிட்டர்ன் பம்பு வழியாக மறுபடி மேலே ஏறுகிறது. இறங்கும் பாதைக்கு மூன்று குழாய்கள் வைக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் குழாய் வால்வால் சரிசெய்யப்பட்டு முழுக்க நீர் நிறைந்து சைஃபனாக ஓடும். காற்று கலக்காததால் சத்தம் வராது. இரண்டாவதில் மெல்லிய ஓட்டம் மட்டும் வழியும். மூன்றாவது எப்போதும் வறண்டிருக்கும்; நத்தையோ பாசியோ முதல் குழாயை அடைத்தால் நீர் அதன் வழியே இறங்கும். அந்த மூன்றாவது குழாயில் வால்வு பொருத்தக் கூடாது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போட்டுப் பாருங்கள். பம்பு நின்றதும் மேல்தொட்டியின் நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ பல்லின் கீழ்மட்டம் வரை இறங்கும். அது இரண்டரை செ.மீ. என்றால் 180 x 75 x 2.5, அதாவது சுமார் 34 லிட்டர். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருப்பதையும் சேர்த்தால் 50 லிட்டரைத் தாண்டும். நான்கடி நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட சம்பில் 25 செ.மீ. வரை நீர் ஓடவிட்டால் மேலே 80 லிட்டர் இடம் காலியாக இருக்கும், போதுமானது. ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால் அது தலைகீழ் சைஃபனாகி இன்னும் அதிக நீரை இழுத்துவிடும். வாயை நீர்ப்பரப்பை ஒட்டியே வையுங்கள். ஒருவழி வால்வில் நாளடைவில் சுண்ணாம்பு படிந்து சரியாக மூடாமல் போகும், அதை மட்டும் நம்ப வேண்டாம். எல்லாம் பொருத்திய பிறகு சாதா நீரை ஓடவிட்டு, வேண்டுமென்றே மெயின் சுவிட்சை அணைத்து, சம்ப் எதுவரை நிரம்புகிறது என்று பார்த்து அந்த இடத்தில் கோடு போட்டுவிடுங்கள்.

குழாய்கள் யுபிவிசி ஆக இருக்கட்டும். பம்பு, சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி), வால்வு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வேண்டும். பித்தளை, செம்பு, ஜி.ஐ. எதுவும் நீரைத் தொடக்கூடாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் பவளமும் இறாலும் நத்தையும் சாகும். ரிட்டர்ன் பம்பு உயர இழப்பு போக மணிக்கு மூவாயிரம் முதல் நான்காயிரம் லிட்டர் தந்தால் போதும். பவளங்களுக்குத் தேவையான ஓட்டத்தைத் தொட்டிக்குள் பொருத்தும் அலைப் பம்புகள் தரும்.

மின்சாரமும் வெப்பமும்

பின்னறைக்குத் தனி சர்க்யூட், நல்ல எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகியவை இல்லாமல் கடல்நீரில் கை வைக்காதீர்கள். கருவிகளை இரண்டு சர்க்யூட்களில் பிரித்தால், ஒன்று டிரிப் ஆனாலும் மற்றதில் ஓர் அலைப் பம்பாவது ஓடிக்கொண்டிருக்கும். பிளக் போர்டு நீர்மட்டத்துக்கு மேலே, சம்புக்கு நேர்மேலே இல்லாத சுவரில் இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறினால், வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்வெட்டின்போது மீன்களுக்கு முதலில் குறைவது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் அலைப் பம்புகளையும் ஒரு காற்றுப் பம்பையும் இணையுங்கள். விளக்கும் ஸ்கிம்மரும் சில மணி நேரம் நின்றால் பரவாயில்லை.

நீரின் வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இரவிலும் அறை 30 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. நீர்ப்பரப்பில் ஃபேன் வைத்துக் குளிர்விப்பது ஆவியாதலால் நடப்பது; கடலோர ஈரக்காற்றில் அது சரியாக வேலை செய்யாது, பின்னறையின் ஈரத்தையும் கூட்டிவிடும். இந்த அளவுக்கு அரை குதிரைத்திறன் சில்லரைப் பொதுவாக வாங்குகிறார்கள். அதைப் பின்னறைக்குள்ளேயே வைத்தால் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அதே அறையில் கொட்டிக்கொண்டிருக்கும். பால்கனியிலோ நிழலான வெளிச்சுவரிலோ வைத்துக் குழாயை உள்ளே கொண்டுவருவதே முறை. சுவர் பூசும் முன்பே அதற்கான துளையை விடுங்கள்.

நீர், உப்பு, மணல், பாறை

சமையலறை ஆர்.ஓ. நீரை இதற்குப் பயன்படுத்த முடியாது. குடிநீருக்கான கருவிகளில் சுவைக்காகத் தாது உப்புகளைத் திரும்பச் சேர்க்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஆர்.ஓ. சவ்வும், அதன் பின் மீதி அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினும் கொண்டு டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யம் காட்டும் நீர். போர்வெல் நீரின் கடினத்தன்மை அதிகமாக இருந்தால் சவ்வும் பிசினும் சீக்கிரம் தீரும், முன்னால் ஒரு சாஃப்ட்னர் வைத்தால் ஆயுள் கூடும். கடற்கரையிலிருந்து கேனில் நீர் கொண்டுவரும் யோசனையைக் கைவிடுங்கள். கரையோர நீரில் கழிவு கலப்பு உண்டு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் உப்புத்தன்மையும் இறங்கிவிடும்.

பாறை, கண்ணாடி, மணல் இடம் போகச் சம்பையும் சேர்த்து உண்மையில் சுற்றும் நீர் சுமார் 800 லிட்டர். லிட்டருக்கு 37 கிராம் என்று வைத்தால் 30 கிலோ ரீஃப் உப்பு வேண்டும். டிரம்மில் கலக்கி, ஒரு நாள் பம்பு ஓடவிட்டு, உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.026 காட்டிய பிறகே தொட்டிக்கு மாற்றுங்கள்.

பாறைக்கு உலர்ந்த செராமிக் பாறைகளோ, செயற்கைப் பாறைகளோ போதும். 50 முதல் 60 கிலோ ஆகும். மணலுக்கு முன் பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி எபாக்சியால் கட்டுங்கள். மணலின் மேல் நிறுத்தினால் மீன் தோண்டும்போது சரியும். முன் கண்ணாடிக்கும் பாறைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் கண்ணாடியைத் துடைக்கும் காந்தம் தடையின்றி நகரும். சுவர்த் தொட்டியில் முன்பக்கமிருந்து கை விட வழியில்லை என்பதால், பின்னாலிருந்து கை எட்டாத இடத்தில் எந்தப் பாறையையும் வைக்காதீர்கள். மேலே 1 முதல் 2 மி.மீ. அரகோனைட் (ஒருவகைச் சுண்ணாம்புக் கனிமம்) மணல் மூன்று செ.மீ. கனத்துக்குப் போதும்.

ஆவியாகும் நீரை உப்புக் கலக்காத அதே ஆர்.ஓ., டி.ஐ. நீரால் தானாக நிரப்பும் கருவி அவசியம். அதன் வாளி 40 லிட்டரைத் தாண்ட வேண்டாம். சென்சார் கெட்டு முழுவதும் கொட்டினால்கூட ஆயிரத்துக்கு 35-ல் இருந்த உப்புத்தன்மை 33-க்குச் சற்று மேலேதான் நிற்கும், உயிர்கள் தப்பும்.

சுழற்சியும் முதல் உயிர்களும்

உயிர்களை விடும் முன் நன்மை செய்யும் பாக்டீரியா பாறையில் குடியேற வேண்டும். பாட்டில் பாக்டீரியாவைச் சேர்த்து, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரை ஏற்றி, அது நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாறுவதைச் சோதனைக் கிட்டில் பாருங்கள். 2 பி.பி.எம். அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் சுழற்சி முடிந்தது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை விளக்கை எரிக்க வேண்டியதில்லை. அதன் பின் மணலில் பழுப்பு நிற டயட்டம் என்னும் நுண்பாசி படரும், பிறகு பச்சைப் பாசி வரும். இரண்டும் இயல்பு. மருந்து ஊற்றாமல் நத்தைகளை விட்டுப் பொறுத்திருங்கள்.

மீன்களில் கோமாளி மீனிலிருந்து தொடங்குவது நல்லது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம், விழிஞ்ஞம் போன்ற மையங்களிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் நல்ல வெற்றி கண்டவை. குஞ்சுப்பொரிப்பகத்தில் வளர்ந்த மீன் தொட்டி வாழ்க்கைக்கும் உலர் உணவுக்கும் பழகியிருக்கும், கடலிலிருந்து ஒன்றும் குறைவதில்லை. எந்த மீனையும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். பாறை நிறைந்த ஆறடித் தொட்டியில் நோய் பிடித்த மீனை வலைபோட்டுப் பிடிக்க முடியாது, பவளம் இருக்கும் நீரில் செம்பு மருந்து ஊற்றவும் முடியாது.

மீன்கள் நிலைத்த பிறகு பவளங்கள். எல்.இ.டி. விளக்கை முதல் வாரம் 30 சதவீதத்தில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்றுங்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு) ஒளி போதும். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்ற எல்லைக்குள் இருக்கட்டும். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்க முயல வேண்டாம், மென்பவளங்களுக்குச் சிறிது சத்து தேவை.

ஜோவாந்திட்களைக் கையாளும்போது கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள். இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியில் கலந்த நஞ்சால் குடும்பமே மருத்துவமனைக்குச் சென்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

வாரமும் மாதமும்

வாரம் ஒருமுறை 80 லிட்டர் நீர் மாற்றம், ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுதல், சல்லடைப் பை மாற்றுதல், காரத்தன்மைச் சோதனை ஆகியவை பின்னறை சரியாக இருந்தால் ஒரு மணி நேர வேலை. மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். முதல் வடிகுழாயின் வால்வைச் சில நொடிகள் மூடி, மூன்றாவது குழாயில் நீர் இறங்குகிறதா என்று பாருங்கள். சில்லரின் கண்டென்சரில் தூசி தட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்புகளைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குங்கள்.

ஊருக்குப் போகும்போது வீட்டில் இருப்பவரிடம் உணவு டப்பாவை அப்படியே கொடுத்துவிடாமல், ஒரு நாளைக்கு ஒன்று என்று சிறு பொட்டலங்களாக மடித்துத் தேதி எழுதி வையுங்கள். எந்த சுவிட்ச் எதற்கு என்று ஒவ்வொன்றின் மேலும் தமிழில் சீட்டு ஒட்டி, சம்பில் நீர் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் உங்களை அழைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே எழுதிவையுங்கள்.